பயங்கொள்ளி என்னுஞ் சொல்

உலக வழக்கில் ஒருவரை இழித்துக் கூறுதற்கு எடுத்தாளப்படுஞ் சொற்களுள் பயங்கொள்ளி என்பதும் ஒன்று. பேச்சு வழக்கில் இது பயந்தாங்கொள்ளி என நீண்டும் வழங்கும். சிறார் விளையாட்டிலே தோற்றவனை நோக்கியும், பெரியோர் தம் கருத்திற்கு உடன்படாது ஒதுங்கினவனை நோக்கியும், ஆராயாது இதனை எறிவர். எறிவதற்கு எளிதாகிய இச்சொல், ஏற்பவர் நெஞ்சில் நெடுநாள் தைத்து நிற்கும் இயல்பிற்று. ஆகலின், இதன் பொருள் யாது, இது தோன்றிய வரலாறு யாது, இதற்கு உரியவன் யாவன் என்பவற்றை ஆராய்தல் சொல்லாராய்ச்சியளவில் நில்லாது ஒழுக்கத்திற்கும் பயன்படுவதாம். சைவ நன்மக்களுக்கோ இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. என்னை? அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை எனப் பாடியதும் சைவத் திருமுறையே. அஞ்சுகின்றோம் எனப் பாடியதும் சைவத் திருமுறையே. இவ்விரண்டும் முரணாகாமையை உணர்தற்கு இச்சொல்லின் பகுப்பு ஒரு திறவுகோலாக உதவும்.

பயம் என்னும் முற்பகுதி

பயங்கொள்ளி என்பது பயம், கொள்ளி என்னும் இரண்டு சொற்களாலாயது. இவற்றுள் பயம் வடசொல். அஞ்சுதல் என்னும் பொருளுடைய 'பீ' என்னும் வடமொழி வினையடியிற் பிறந்தது. இவ்வொரு வேரினின்றே ஒன்றற்கொன்று மறுதலையான சொற்கள் பல கிளைத்தன. பீரு என்பது அஞ்சுந் தன்மையன் எனப் பொருள்படும். பீமன் என்பதோ பிறரால் அஞ்சப்படுபவன் எனப் பொருள்படும். தமிழில் வீடுமன் என வழங்கும் பீஷ்மன் என்னும் பெயரும், வைரவக் கடவுளைக் குறிக்கும் பைரவன் என்னும் பெயரும் இவ்வேரின்பாற்பட்டனவே. சிவபெருமானுக்குரிய எட்டுத் திருநாமங்களுள்ளும் பீமன் என்பது ஒன்றாதல் ஆகம நூல் வல்லார் அறிந்ததே.

தாம்பரம் மாநகராட்சியின்கண், குரோம்பேட்டையை அடுத்து, அஸ்தினாபுரம் என்று ஓர் ஊர்ப்பகுதி உளது. குருகுலத்தரசரின் தலைநகராகிய அத்தினாபுரியின் பெயரே அதன் பெயர். பாரதத்து அத்தினாபுரியில் வீடுமனும் வீமனும் ஒருங்கு வாழ்ந்தனர். இருவர் பெயரும் அச்சத்தைக் குறிக்கும் ஒரே வேரிற் பிறந்தும், இருவரும் தாம் அஞ்சினமையால் அப்பெயர் பெற்றாரல்லர். பிறர் அஞ்சினமையாற் பெற்றனர். பாணினி முனிவர் பீமன் முதலிய சொற்களை நீங்கற்பொருளில் வருவனவாக விதித்தமையும் இதுபற்றியே. எவனிடத்தினின்று அச்சம் புறப்படுகின்றதோ அவன் பீமன். எவன் அவ்வச்சத்தை ஏற்கின்றானோ அவன் பீரு. அச்சத்தை விடுப்போனும் ஏற்போனும் ஒரு சொற்குடும்பத்தவராயிருத்தல் உய்த்துணரற்பாலது.

இனி, பயம் எனத் தமிழ்ச்சொல் ஒன்றும் உளது. அது பயன், நீர், பால் என்னும் பொருள்களிற் பழஞ்செய்யுட்களிற் பயின்று வருவது. பயத்தல், பயன் என்பவற்றோடு ஒருகுடிப் பிறந்தது. சங்கச் சான்றோர் ஒருவர் செவியில் பயங்கொள்ளி என்னுஞ் சொல் விழுமாயின், அவர் அதனை இழிசொல்லாகக் கொள்ளாது, 'பயனைக் கைக்கொண்டவன்' என வாழ்த்தாகவே கொள்வர். அச்சத்தைக் குறித்தற்கு அவர்பால் அச்சம், உட்கு, வெரு முதலிய சொற்கள் இருந்தன. பேம், நாம், உரும் என்பனவும் அச்சப்பொருளன எனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறினர். இத்துணைச் சொற்கள் இருப்பவும் வடசொல்லாகிய பயம் பிற்காலத்தே பெருவழக்காயிற்று. அஸ்தினாபுரத்திற்கு அணித்தாகிய பல்லாவரத்தில் 1911 முதல் 1950-இல் இறைவனடி சேருங்காறும் வாழ்ந்த மறைமலையடிகள், 1916 முதல் தனித்தமிழை வற்புறுத்தி வந்தவராகலின், இத்தகைய இடங்களில் அச்சம் என்பதையே ஆளுதல் வேண்டும் என்னும் நெறியினர். அந்நெறி பற்றி நோக்கின், வேற்றுமொழிச் சொல் புகுந்து தமிழ்ச்சொல்லின் நற்பொருளை மறைத்ததற்குப் பயம் என்பது தக்கதோர் எடுத்துக்காட்டாம்.

கொள்ளி என்னும் பிற்பகுதி

கொள்ளி என்னுஞ் சொற்கு எரிகின்ற விறகு என்பது ஒரு பொருள். கொள்ளிக்கட்டை, கொள்ளிவாய்ப்பேய் என்னும் வழக்குக்களில் வருவது அதுவே. அதனை ஈண்டுப் பொருத்தல் அமையாது. அச்சத்திற்கும் எரிகட்டைக்கும் இயைபின்மையின். கொல்லி என லகரமாகக் கொள்ளுதலும் பிழையே. கொல்லி என்பது கொல்வது எனப் பொருள்பட்டு வேறு சொல்லாகும். வள்ளுவர் சினத்தைச் சேர்ந்தாரைக்கொல்லி என்றது அச்சொல்லமைப்பு.

பயங்கொள்ளி என்புழிக் கொள் என்பது பகுதி. இ என்பது வினைமுதற்பொருளை உணர்த்தும் விகுதி. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வரின் இரட்டுமாகலின் கொள்ளி என்றாயிற்று. தின்னி, விழுங்கி, தொடைநடுங்கி என்பவற்றின்கண் வரும் விகுதியும் இதுவே. எனவே, பயங்கொள்ளி என்பது 'பயத்தைக் கொள்பவன்' என விரியும். பயந்தாங்கொள்ளி என்பதனைப் பயம், தாம், கொள்ளி எனப் பிரிக்க. இடைநின்ற தாம் என்பது சாரியை. வல்லெழுத்து வருமிடத்து மகரம் இனமெல்லெழுத்தாய்த் திரிந்தது. தாங்கு என்னும் வினை இதன்கண் அடங்கியுள்ளது எனக் கொள்ளின், தாங்கிக்கொள்ளி எனவோ தாங்குகொள்ளி எனவோ வருதல் வேண்டும். அங்ஙனம் வாராமையின் சாரியை எனக் கோடலே நேரிது.

இப்பகுப்பால் விளங்குவது யாது? பயப்படுபவன் என்றோ பயந்தவன் என்றோ இச்சொல் அமைந்திலது. பயம் ஒருவன்மேல் வருதல் வேறு. அவன் அதனைக் கொள்ளுதல் வேறு. மழை வருதல் ஒருவன் செயலன்று. மழைநீரைக் குடத்தில் ஏற்றுக்கொள்ளுதல் அவன் செயல். அங்ஙனமே அச்சம் தோன்றுதல் உயிரின் இயல்பு; அதனைப் பற்றிக்கொண்டு தன் உடைமையாக்குதல் அவ்வுயிரின் குற்றம். பயங்கொள்ளி என்னுஞ் சொல் இக்குற்றத்தையே சுட்டிற்று.

தொல்காப்பியர் அச்சப்பொருளில் வருஞ் சொற்களுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒத்த உரிமையன என விதித்தனர். பழியின் அஞ்சும், பழியை அஞ்சும் என உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். இரண்டன்கண்ணும் அஞ்சப்படும் பொருள் ஒன்று வெளிப்பட நிற்கின்றது. பழியை அஞ்சுவான் என்றவழி அவன் சான்றோனாதல் விளங்கும். பாம்பை அஞ்சுவான் என்றவழி அவன் உயிரோம்புவோனாதல் விளங்கும். பயங்கொள்ளி என்றவழியோ எதனை அஞ்சினான் என்பது இல்லை. பயமே அவனுக்குச் செயப்படுபொருளாயிற்று. அஞ்சத்தக்கது ஒன்றின்றியும் அச்சத்தையே பொருளாகக் கொண்டு வாழ்பவனுக்கே இச்சொல் உரித்து.

அஞ்சுதற்குரிய நிலைக்களன்களையும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நான்காக வரையறுத்தனர். தெய்வம், விலங்கு, கள்வர், தமக்கு இறைவராயினார் என்பன அவை. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து ஓதினாரேயன்றி, அதனை இழிவெனத் தள்ளினாரிலர். வள்ளுவனாரும் அஞ்சத்தக்கதனை அஞ்சாமை பேதைமை என்றும், அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்றும் அறிவுடைமை அதிகாரத்துட் கூறினர். தீவினையச்சம் என ஓர் அதிகாரமே வகுத்துத் தீவினை தீயினும் அஞ்சப்படும் என வற்புறுத்தினர். ஆகவே தமிழ்ச் சான்றோர் வழக்கில் அஞ்சத்தக்கதனை அஞ்சுதல் பழிக்கப்பட்டதன்று.

உடன்வழங்குஞ் சொற்கள்

பயங்கொள்ளியோடு ஒருபொருளவாக வழங்குஞ் சொற்கள் மூன்றனை ஈண்டு நோக்குதல் வேண்டும். தொடைநடுங்கி என்பது அச்சத்தின் மெய்ப்பாட்டை உடம்பின்மேல் வைத்துக் கூறியது, வெளிப்படை. கோழை என்பதற்கு நெஞ்சுச்சளி என்பதும் பொருள். திருஞானசம்பந்த சுவாமிகள் திருவைகாவூர்த் திருப்பதிகத்திலே குரல்வளம் இன்மையைக் குறித்தற்குக் கோழை என்பதனை ஆண்டனர். மிடறு அடைத்துக் குரல் எழாத நிலையைக் குறித்த சொல், அவையின்கண் வாய்திறக்கமாட்டாதானுக்கும் ஆகி, பின்னர் நெஞ்சுரம் இல்லாதானுக்குப் பொதுவாயிற்று எனக் கருத இடமுண்டு. கோழை மிடற்றினர் பாடினும் இறைவன் ஏற்றருளுவன் என்பதே சுவாமிகள் அப்பதிகத்துட் புலப்படுத்திய கருத்தாகலின், கோழையென இகழப்படுவார்க்கும் திருமுறை ஆறுதலாகின்றது.

மூன்றாவது பேடி என்பது. அவையஞ்சாமை அதிகாரத்திலே, அவையை அஞ்சுவான் கற்ற நூலுக்குப் பேடி கையிலுள்ள வாளை உவமை கூறுவர் வள்ளுவர். உலகத்தாரும் அஞ்சுவோனைப் பேடி என இகழ்வர். ஆயின் பாரதத்தில் நிகழ்ந்தது யாது? அத்தினாபுரிப் படை விராடனது ஆநிரை கவர வந்த ஞான்று, தேரினின்று குதித்து ஓடியவன் அரசிளங்குமரனாகிய உத்தரன். அவனைத் தொடர்ந்து பற்றித் தேரேற்றி, வீடுமன் முதலிய பெருவீரரை எதிர்த்து வென்று, ஆநிரை மீட்டது பேடி வடிவிலிருந்த பிருகன்னளையாகிய அருச்சுனன். அவ்வருச்சுனனே ஆண்வடிவில் வில்லேந்திக் குருட்சேத்திரத்தில் நின்றபோது உளந்தளர்ந்தான். கண்ணன் அவன் தளர்ச்சியைப் பேடித்தன்மை எனக் கடிந்தான். பேடியுருவில் அஞ்சாதவன் ஆணுருவில் அஞ்சினான். உருவத்திற்கும் உரத்திற்கும் தொடர்பின்மையை இதனினுந் தெளிவுறக் காட்டல் அரிது. அம்மையப்பராய் ஒரு திருமேனியில் இருபாலும் விளங்கும் பெருமானை வழிபடுவோர், ஒரு பாலாரைச் சுட்டுஞ் சொல்லை அச்சத்திற்கு இழிபெயராக வழங்குதல் சிறிதும் தகாது. இக்காலத்துத் தமிழ்நாட்டில் அவரைத் திருநங்கையர் என மதித்து வழங்குதலும், 2008-இல் அரசு அவர்க்கென நலவாரியம் அமைத்தமையும் பழைய தவற்றை நீக்கும் நெறியினவாம்.

அபயம்

பயத்தின் மறுதலை அபயம். அச்சமின்மை என்னும் பொருளதாகிய இச்சொல், அச்சந்தீர்க்கும் அடைக்கலம் என்னும் பொருளையும் தமிழிற் பெற்றது. முதற் குலோத்துங்க சோழனை அபயன் என்னும் பெயராற் பலகாலும் கூறுவர் கலிங்கத்துப்பரணி ஆசிரியர் சயங்கொண்டார். அந்நூலில் தோற்றோடிய கலிங்க வீரர் சிலர், தலைமயிர் களைந்து அமணராகவும், வில்லின் நாணைப் பூணூலாக அணிந்து அந்தணராகவும், யானை மணிகளைத் தாளமாக ஏந்திப் பாணராகவும் வேடம் பூண்டு உயிர்தப்பிய செய்தி நகைச்சுவை பொருந்தக் கூறப்படுகின்றது. அச்சத்தைக் கொண்டவன் தன் சொந்த உருவையும் இழப்பன் என்பது அந்நகையினுள் அடங்கிய உண்மை.

சைவர்க்கு அபயன் என்னும் பெயர் அரசர்க்குரியதாய் முடிவதன்று. கூத்தப்பெருமானது வலக்கைகளுள் ஒன்று துடியேந்தி நிற்க, மற்றொன்று அபயகரமாய் அமைந்துளது. அவ்வமைந்த கை காத்தல் தொழிலைக் குறிப்பது என உண்மைவிளக்கம் உணர்த்தும். தூக்கிய திருவடி அருளலாகின்றது. அருளப்படுதற்கு முன் அஞ்சேல் என்றல் உயிர்கட்கு வேண்டப்படுகின்றது. அஞ்சாத உயிர் ஒன்றும் இன்மையின்.

குன்றத்தூரும் பல்லாவரமும் கூறும் வரலாறு

பல்லாவரத்துக் குன்றின்மேல் குடைவரை ஒன்று உளது. இக்காலத்து இசுலாமியர் வழிபாட்டிடமாக விளங்கும் அது, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடைவித்தது. அதன்கண் அவ்வரசனுடைய விருதுப்பெயர்கள் பல வெட்டப்பட்டுள்ளன. குணபரன், விசித்திரசித்தன், மத்தவிலாசன், பகைவரை மற்போரில் வெல்வோன் எனப் பொருள்படும் சத்துருமல்லன் முதலாக அவன் பூண்ட விருதுகள் மிகப் பல. அப்பல்லாவரத்திற்குத் தொலைவிலல்லாத குன்றத்தூரிற் பிறந்தவர் சேக்கிழார் பெருமான். 12-ஆம் நூற்றாண்டில் அவர் அருளிய பெரியபுராணத்திலே, திருநாவுக்கரசு நாயனாரை ஒறுத்த பல்லவனது வரலாறு விரிவாக உளது. அவனே பின்னர்ச் சைவஞ் சார்ந்து திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுப்பித்தான் எனச் சேக்கிழார் கூறுதலானும், குணபரன் என்பது மகேந்திரன் விருதாகலானும், அப்பல்லவன் மகேந்திரனே என ஆராய்ச்சியாளர் துணிவர். ஆகவே அரசன் தன் புகழைக் கல்லிற் பொறித்த இடமும், அவ்வரசனால் ஒறுக்கப்பட்டவர் புகழைச் சொல்லிற் பொறித்த புலவர் ஊரும், அஸ்தினாபுரத்தைச் சூழ்ந்த இந்நிலப்பகுதியிலேயே அமைந்தன.

பயங்கொள்ளி யார் என்னும் வினா ஈண்டு விடை பெறுகின்றது. நாவுக்கரசர் பிறவியிலேயே அஞ்சாதவராகத் தோன்றினாரல்லர். தருமசேனராய்ச் சமணத் தலைமை பூண்டிருந்த அவர், சூலைநோய் வந்துற்றபோது நடுங்கினார். தம் தமக்கையார் திலகவதியாரைத் துணையாகத் தேடி, இரவிலே திருவதிகைக்கு வந்தார். திருவதிகையில் அவர் முதற்கண் அருளிய திருப்பதிகம், நோயைக் கூற்றுவனோடு ஒப்பவைத்து, தாங்கேன் எனக் கதறும் ஒருவரது குரலாகவே உளது. அதுவே நான்காந் திருமுறையின் முதற்பதிகம். அடுத்த இரண்டாம் பதிகமோ, அரசன் ஏவிய கொலையானை எதிர்வந்தபோது, அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை, அஞ்ச வரக்கூடியதும் ஒன்றுமில்லை என்னுங் கருத்தமைய அருளியது. இரண்டும் திருவதிகைப் பெருமானையே பாடுவன. நடுக்கமும் அஞ்சாமையும் ஏட்டிலே அடுத்தடுத்து நிற்கின்றன. அச்சம் வந்தபோது அவர் அதனைத் தம்பாற் கொள்ளாது இறைவன் திருவடியிற் கொண்டுபோய் இட்டார். ஆதலின் மீள அஞ்சுதற்கு அவர்பால் எதுவும் எஞ்சியிலது. நீற்றறையும், நஞ்சுகலந்த பாற்சோறும், யானையும், கல்லிற் கட்டிக் கடலிலிடுதலும் அவரை அசைத்தில. திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறியவர் வாளேந்திய வீரரல்லர். உழவாரம் ஏந்திய அடியார்.

சத்துருமல்லன் என விருது பூண்ட அரசனோ, படைக்கலம் இல்லாத ஒருவரை வெல்லுதற்கு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கொடுமைகளை ஏவினான். தன் ஆணைக்கு உட்படாத ஓர் உயிர் இருத்தலை அவன் நெஞ்சு பொறுத்திலது. பிறரை அச்சுறுத்தி அல்லது அமைதி பெறமாட்டாத நெஞ்சு அச்சத்தைக் கொண்ட நெஞ்சேயாம். ஆணவம் என்னுஞ் சொற்பொருளும் இதற்கு இயைந்துளது. எங்கும் நிறைந்து விளங்குதற்குரிய உயிரினை அணுவினைப் போலச் சுருங்கச் செய்தலின் அம்மலம் ஆணவம் எனப்பட்டது. சுருங்கிய உயிர் ஒன்றிற் கூனிக் குறுகும்; அன்றேல் விருதுகளால் தன்னைப் பெருக்கிக் காட்டும். கூனுதலும் பெருக்குதலும் ஒரு நோயின் இருவகை வெளிப்பாடு. அவ்வரசனையும் இறைவன் கைவிட்டிலன். அவனும் திருந்தி நாயனார் திருவடி பணிந்து உய்ந்தான் என்பதனால், பயங்கொள்ளியாதல் உயிர்க்கு நிலைத்த இயல்பன்று என்பதும் பெறப்படும்.

பிறர்பொருட்டு அஞ்சுதல் வேறொன்று. மதுரையிலே ஞானசம்பந்தர் தங்கிய திருமடத்திற்குத் தீயிட்டமை கேட்டு மங்கையர்க்கரசியார் நடுங்கினார். ஆயினும் அரசன் சமணஞ் சார்ந்திருப்ப, அவன் நகரிலேயே சம்பந்தரை வருவித்தவர் அவரே. அவர் நடுக்கம் அன்பின் வெளிப்பாடாயிற்று. அதனைப் பயங்கொள்ளுதல் என்பார் இலர்.

மணிவாசகப் பெருமான் அருளிய அச்சப்பத்து இவ்வுண்மையை முற்றுவிக்கின்றது. பாம்பும், வேலும், நெருப்பும், பிணியும், பிறப்பிறப்பும் தமக்கு அச்சமாகா எனக் கூறும் அடிகள், இறைவன்பால் அன்பின்றி உள்ளம் நெகிழ்ந்து அளியாதவரைக் காணின் அஞ்சுவதாகக் கூறியருளினர். உலகம் அஞ்சுவனவற்றை அவர் அஞ்சிலர்; உலகம் பொருட்படுத்தாத வன்னெஞ்சினை அவர் அஞ்சினர். அச்சம் ஒழிந்திலது, அது தனக்குரிய இடத்தைச் சென்று சேர்ந்தது.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், பயங்கொள்ளி என்பது அஞ்சுவோர்க்கெல்லாம் பொதுப்பெயராகாது என்பதும், அச்சத்தைப் பற்றித் தன்னதாக்கிக் கொண்டவனையே அது சுட்டும் என்பதும் பெறப்பட்டன. எனவே, ஒருவனை அச்சொல்லால் இகழப் புகுவோர் அவன் எதனை அஞ்சுகின்றான் என்பதனை முன்னர் ஆராய்தல் வேண்டும். பழியை அஞ்சி ஒதுங்கினானும், பிறர்க்கு வருந் துன்பத்தை அஞ்சி நடுங்கினானும், நோய் பொறாது அழுதானும் அச்சொற்கு உரியரல்லர். அவருள் நோய் பொறாது அழுதவனை நோக்கி அதனைக் கூறுதல், திருவதிகைத் திருவாயிலில் வந்து நின்ற மருணீக்கியாரை நோக்கிக் கூறுதலோடு ஒக்கும். அன்று திலகவதியார் அவரை இகழ்ந்திலர். திருநீறு அளித்துத் திருக்கோயிலினுள் அழைத்துச் சென்றனர். நடுங்குவார்க்குச் சைவஞ் செய்யத்தக்கது அதுவே.

பழந்தமிழிற் பயம் என்பது பயன் எனப் பொருள்பட்டமை மேலே கூறப்பட்டது. அஞ்சிவந்த அந்நாவுக்கரசர் அருளைப் பெற்றமையின், அப்பழம்பொருள் பற்றி அவரையே பயங்கொள்ளி எனக் கூறினும் இழுக்கன்று. அச்சத்தை இறைவன் திருவடியில் வைத்துப் பயனைக் கொண்டவர் அவர். அச்சொல் இப்பொருளில் உரித்தாகுமாறு வாழ்தல் அனைவர்க்கும் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.